பட்டைக்குள்ளும் உயர்வு தாழ்வு!

உயர்ந்தது, தாழ்ந்தது என்னும் பாகுபாடு மனிதரோடு நின்றுவிடவில்லை. மொழிக்கும், ஆற்று நீருக்கும், அடுப்பில் வேகும் சோற்றுக்கும் அதைப் பூசிய உலகம், ஒரு மரத்தின் பட்டைக்குள்ளே உறங்கிக் கிடந்த நான்கு சத்துகளுக்கும் பூசியது. ஒன்று உயர்ந்தது என்றது. மற்ற மூன்றும் கழிவு என்றது. உயர்ந்ததற்கு ஏழைக்கு எட்டாத விலை வைத்தது. கழிவை ஒதுக்கித் தள்ளியது.

அந்தத் தீர்ப்பைச் சென்னையிலே ஒரு காலத்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஏட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. பெரியோர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. நோயாளிக்குக் கொடுத்தார்கள், காய்ச்சல் நின்றதா என்று பார்த்தார்கள், எண்ணினார்கள். எண்ணி முடித்தபோது, கழிவு என்று தள்ளப்பட்டவற்றுள் ஒன்று உயர்ந்ததற்கு நிகராக நின்றது. மற்றொன்று அதனை நெருங்கி நின்றது. கடைசியானதும் வெறுங்கழிவு அல்ல என்று தெரிந்தது.

ஒரு மருந்தின் கதைதானே என்று இதை ஒதுக்கிவிடலாகாது. எதை நம்புவது, எப்படி நம்புவது, நம்பிக்கை உறுதிப்பட்ட பிறகு அதன் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்னும் மூன்று கேள்விகளும் இந்தக் கதைக்குள் இருக்கின்றன. பகுத்தறிவைப் பேச்சாக மட்டும் கொள்ளாமல் செயலாகவும் கொள்ள விரும்பும் இளைஞர்கள், இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுரதேவரும் மிளகு ரசமும்

குளிர்க்காய்ச்சல், முறைக்காய்ச்சல் என்று நம் மக்கள் பெயரிட்ட நோய்தான் மலேரியா. முதலில் பல் கிட்டும் நடுக்கம். நான்கு கம்பளி போர்த்தாலும் அடங்காத குளிர். பிறகு அனலாய்க் கொதிக்கும் உடல். அதன் பிறகு வேர்வை வெள்ளமாய்ப் பெருக, காய்ச்சல் இறங்கிவிடும். நோயாளி எழுந்து உட்காருவான், கஞ்சி கேட்பான். ஒருநாள் விட்டு, அல்லது இரண்டு நாள் விட்டு, அதே நேரத்தில் மீண்டும் நடுக்கம். முறை தவறாமல் வருவதால் முறைக்காய்ச்சல்.

காய்ச்சலுக்கென்றே நம் சிவன் கோயில்களில் ஒரு கடவுளை வைத்தார்கள். சுரதேவர் என்று பெயர்; மூன்று தலை, மூன்று கால். அவருக்கு மிளகு ரசம் படைத்தால் காய்ச்சல் இறங்கும் என்றார்கள். படைத்தார்கள்; இறங்கவும் செய்தது! ஏன் இறங்காது? வேர்வை கண்டதும் தானாகவே இறங்குவதுதானே இந்தக் காய்ச்சலின் இயல்பு! ரசம் படைத்த அன்று இறங்கினால் சுரதேவர் அருள்; தாயத்துக் கட்டிய அன்று இறங்கினால் மந்திரத்தின் வலிமை; கசாயம் குடித்த அன்று இறங்கினால் மூலிகையின் மகிமை. மறுமுறை ஏறினால்? முன்வினை! இப்படி, வென்றால் கடவுளுக்கு, தோற்றால் நோயாளிக்கு என்று கணக்கு எழுதினால், எந்தக் கடவுள்தான் தோற்பார்?

இதே பொறியில் மூலிகையும் சிக்கிக்கொண்டது என்பதை மறைக்கத் தேவையில்லை. நிலவேம்பு, வேப்பம்பட்டை, ஏழிலைப்பாலைப் பட்டை என்று நம் நாட்டு வைத்தியர்கள் காய்ச்சலுக்குக் கொடுத்தவை பல. காட்டையும் மேட்டையும் சுற்றி, தழையைக் கசக்கி, நாவில் வைத்து, தலைமுறை தலைமுறையாக எளிய மக்கள் சேர்த்த அறிவு அது. போற்றத்தக்க முயற்சிதான். ஆனால், நூறு பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேருக்கு நின்றது, இத்தனை பேருக்குத் திரும்பியது என்ற கணக்கு இல்லை. கசப்பாக இருந்தால் காய்ச்சலுக்கு ஆகும் என்ற நம்பிக்கை இருந்தது. கசப்பு ஒரு சுவை, அதுவே சான்றாகிவிடுமா?

மேலைநாட்டாரும் நெடுங்காலம் இதே இருட்டில்தான் இருந்தார்கள். கெட்ட காற்றினால் வருவது என்று எண்ணி, இத்தாலிய மொழியில் அப்படியே பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் மலேரியா. நோயை உண்டாக்கும் நுண்ணுயிரை இரத்தத்தில் லாவரான் கண்டது 1880-ல். அது கொசுவின் உடலில் வளர்வதை, செகந்திராபாத்தில், 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள் ரொனால்டு ராஸ் கண்டார். தன்னைக் கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா பெற்றுக்கொண்டு உடலைக் காட்டிய நோயாளி உசேன் கான். உலகப் பரிசு ராசுக்கு. ஓர் அணா உசேன் கானுக்கு.

பெருவிலிருந்து நீலகிரிக்கு

தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைச்சரிவில் வளர்ந்த மரம் சின்கோனா. அதன் பட்டைப்பொடி 17-ஆம் நூற்றாண்டில் ஏசு சபைப் பாதிரிமார் வழியாக ஐரோப்பா சென்றது. பெருவின் ஆளுநரின் மனைவி, சின்சோன் சீமாட்டி, அதனால் குணமடைந்தாள் என்றொரு கதை கட்டினார்கள். அந்தக் கதையை நம்பி 1742-ல் லின்னேயசு மரத்துக்கு அவள் பெயரையே வைத்தார். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். கதை பொய் என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர் காட்டினர். மரத்தை முதலில் அறிந்திருந்த மலைவாழ் மக்களின் பெயர் மரத்துக்குக் கிட்டவில்லை. நோய் தீர்ந்ததாகக் கதையில் மட்டும் வந்த சீமாட்டியின் பெயர் கிட்டியது!

1820-ல் பாரிசு நகரில் பெல்த்தியே, கவந்தூ என்னும் இருவர் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். நம் மக்கள் கொயினா என்று அழைத்த மருந்து அதுதான். அதே பட்டையில் குயினிடின், சின்கோனைன், சின்கோனிடின் என்று வேறு மூன்று காரச்சத்துகளும் இருந்தன. ஆனால் வணிகர் குயினைன் ஒன்றையே மதித்தனர். பட்டையின் விலை, அதில் குயினைன் எவ்வளவு என்பதைப் பொறுத்தே அமைந்தது.

வெள்ளையர் படையும் ஆட்சியும் வெப்ப நாடுகளில் நிலைக்க, கொயினா இன்றியமையாதது. ஆகவே 1860-ல் மார்க்காம் என்பவரின் தலைமையில் பெருவுக்கும் அண்டை நாடுகளுக்கும் ஆள் அனுப்பினார்கள். மார்க்காம் கொண்டுவந்த கன்றுகள் பிழைக்கவில்லை. சிம்பராசோ மலைச்சாரலில் இசுப்புரூசு திரட்டிய செம்பட்டைச் சின்கோனாவின் கன்றுகளைக் கிராசு என்னும் தோட்டக்காரர் 1861-ல் உதகமண்டலம் கொண்டுவந்து சேர்த்தார். அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் மெக்ஐவர் அவற்றைப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. பட்டையைக் கீற்றுக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும், அதில் சத்தும் கூடும் என்று கண்டறிந்தவரும் அவரே.

அந்தத் தோட்டங்களில் கல்லும் முள்ளும் பெயர்த்தவர் யார்? கூலிகளோடு கூலிகளாக, மலாய்க் கரையிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட சீனர்களும் உழைத்தார்கள். தண்டனை முடிந்த பின் சிலர் நீலகிரியிலேயே தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து வாழ்ந்தார்கள். மருந்தின் வரலாற்றில் மெக்ஐவருக்குப் பக்கங்கள் உண்டு. இவர்களுக்கு ஒரு வரி.

நீலகிரியில் செழித்த செம்பட்டையிலே ஒரு குறை சொன்னார்கள். குயினைன் குறைவாம், சின்கோனிடின் முதலியவை மிகுதியாம். அதாவது, நம் மலை ஈன்ற மரத்தில் உயர்ந்த சத்து சிறிது; தாழ்ந்த சத்துகள் பெரிது. வணிகரின் தராசில் அது மதிப்பில்லாப் பட்டை. அப்படியானால் மலைமலையாக நட்ட மரங்களை என்ன செய்வது? இந்தக் கேள்விதான் சோதனைக்கு வழி திறந்தது. ஏழையின் மீது கொண்ட இரக்கத்தால் மட்டும் பிறந்த சோதனை என்று சொல்லமாட்டேன். செலவிட்ட பணம் வீணாகுமோ என்ற கவலையும் அதில் இருந்தது. ஆயினும் உண்மை, தன்னைப் பெற்றவரின் நோக்கத்தைப் பார்த்துப் பிறப்பதில்லை.

எண்ணிக்கை சொன்ன தீர்ப்பு

1866-ல் சென்னையில் மருத்துவர் குழு ஒன்று அமைந்தது. நான்கு சத்துகளையும் தனித்தனியே நோயாளிகளுக்குக் கொடுத்து, எது எவ்வளவு பயன் தருகிறது என்று காண்பது அதன் வேலை. வங்காளத்திலும் பம்பாயிலும் இத்தகைய குழுக்கள் அமைக்கப்பட்டன. சென்னைக் குழுவின் கணக்கில் வந்த முறைக்காய்ச்சல் நோயாளிகள் 2,472 பேர். அவர்களில் 846 பேர் குயினிடின் பெற்றார்கள். 664 பேர் சின்கோனிடின். 559 பேர் சின்கோனைன். 403 பேர் குயினைன்.

முடிவு என்ன? ஆயிரம் பேருக்கு எத்தனை பேரிடம் மருந்து தோற்றது என்று கணக்கிட்டனர். உயர்குலத்துக் குயினைன் தோற்றது 7 பேரிடம். கழிவு எனப்பட்ட குயினிடின் தோற்றது 6 பேரிடம். சின்கோனிடின் 10 பேரிடம். யாவற்றிலும் கடைப்பட்டதென்று எண்ணப்பட்ட சின்கோனைன் 23 பேரிடம்.

இந்த நான்கு எண்களையும் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். மகுடம் சூட்டிக் கொண்டிருந்த குயினைனும், வாசலில் நிறுத்தப்பட்டிருந்த குயினிடினும் ஆயிரத்துக்கு ஒன்றே வேறுபட்டன; அந்த ஒன்றும் வாசலில் நின்றதற்கே சாதகம்! ஒன்றை வைத்து ஒன்று பெரிதென்று சொல்லிவிட முடியாது. இரண்டும் நிகர் என்பதே சரி. கடையனுக்குக் கடையனான சின்கோனைன்கூட, ஆயிரத்துக்கு 977 பேரிடம் வென்றது. மதிப்பே இல்லை என்பது பொய். எல்லாம் எள்ளளவும் வேறுபாடின்றிச் சமம் என்பதும் பொய். சின்கோனைன் சற்றுப் பின்தங்கியது உண்மை. சோதனை இரண்டு பொய்களையும் விலக்கி, உள்ளதை உள்ளபடி காட்டியது. யாருக்கும் முகமன் சொல்லாது. யாரையும் இழிவும் செய்யாது.

இந்தச் சோதனையில் குறையில்லையா? உண்டு. அது நடந்தபோது நோயின் நுண்ணுயிரை யாரும் கண்டதில்லை. ஆகவே இரத்தத்தைப் பார்த்து நோயை உறுதி செய்ய வழியில்லை. முறைக்காய்ச்சல் நின்றால் குணம் என்று கொண்டார்கள். பிறகு சில வாரங்களில் திரும்பிய காய்ச்சல் அந்தக் கணக்குக்குள் முழுமையாக அடங்காது. இன்றைய ஆய்வுக்கூடத்தின் கண்டிப்புக்கு அது ஈடாகாது. ஆனாலும், மருந்தின் பெருமையை அதன் விலையால் அளந்த காலத்தில், நோயாளியின் உடலால் அளந்தார்களே, அது பெரிய திருப்பம். ஒரே நோய், நான்கு மருந்து, ஒரே அளவுகோல், எண்ணிக்கை. இந்த நான்கும் சேர்ந்த இடத்தில், சுரதேவருக்கு நிற்க இடமில்லை.

தேர்வில் வேம்பு

அயல்நாட்டு மரத்தைச் சோதித்தவர்கள் நம் நாட்டு மரங்களை விட்டுவிட்டார்களா? இல்லை. வேப்பம்பட்டை சின்கோனாவுக்கு ஈடாகுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. 1856-ல் கார்னிஷ் என்பவர், வேப்பம்பட்டையிலிருந்து கசப்பான காரச்சத்து ஒன்றைக் கண்டதாக அறிவித்து, அதற்கு மார்கோசின் என்று பெயரிட்டார். குயினைனுக்கு ஒரு தம்பி பிறந்துவிட்டான் என்று மகிழ இடமிருந்தது.

உதகமண்டலத்தில் சின்கோனாவை ஆராய அமர்த்தப்பட்ட வேதியியலார் பிராட்டன், வேப்பம்பட்டையை மீண்டும் பகுத்துப் பார்த்தார். 1873-ல் அவர் சொன்ன முடிவு: கசப்பு இருப்பது காரச்சத்தில் அன்று, படிகமாகாத ஒரு பிசின் பொருளில். கண்டதாகச் சொன்னது கைக்கு எட்டவில்லை.

வேம்பு பயனற்றது என்றா இதன் பொருள்? இல்லை. வேம்பில் பூச்சிகளை அடக்கும் பொருள்கள் உண்டு என்பதை 20-ஆம் நூற்றாண்டு ஆய்வு நிலைநாட்டியது. குயினைனைப் போன்ற பொருள் வேம்பில் இருக்கிறது என்ற குறிப்பிட்ட கூற்றுதான் விழுந்தது. அம்மனின் மரம் என்பதற்காக வேம்பை உயர்த்தாமல், அம்மனின் மரம் என்பதற்காகத் தாழ்த்தாமல், அதன் பட்டையில் உள்ளது எது என்று மட்டும் கேட்பதே அறிவு.

இந்த வரிசையில் நம்மவர் ஒருவரும் நிற்கிறார். சென்னைத் திருவல்லிக்கேணி மருந்தகத்தில் பணியாற்றிய மொய்தீன் ஷெரீப். கடைத்தெருவில் ஒரே பெயரில் இரண்டு மூன்று சரக்குகள் விற்கப்படுவதும், ஒரே சரக்கு மொழிக்கு ஒரு பெயரில் திரிவதும் கண்டு, அவற்றைப் பிரித்து அடையாளம் காட்டி 1869-ல் பெருநூல் ஒன்று வெளியிட்டார். நாட்டு மருந்துகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத் தாம் கண்டதை எழுதினார். மூலிகை நம்முடையது, அதைச் சோதிக்கும் அறிவும் நம்முடையதாக முடியும் என்று காட்டியவர் அவர். இன்றைய மேடைகளில் மூலிகைப் பெருமை பேசுவோர் எத்தனை பேர் அவர் பெயரைச் சொல்கிறார்கள்?

தெரிந்தது, கிடைக்கவில்லை

மலிவான மூன்று சத்துகளும் மருந்தே என்று சென்னையில் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு குடிசைதோறும் மருந்து வந்துவிட்டதா? 1876 முதல் 78 வரை தாது வருடப் பஞ்சம். பட்டினியால் நைந்த உடல்களைக் காய்ச்சலும் சேர்ந்து வாரிச் சென்றது. உண்மை கண்டுபிடிக்கப்பட்டுப் பத்தாண்டுகள் ஆகியும், வேண்டிய அளவில் மருந்து சிற்றூருக்கு வந்து சேரவில்லை.

வங்காளத்தில், பட்டையின் எல்லாச் சத்துகளையும் கலந்து மலிவான காய்ச்சல் மருந்து செய்தனர். 1892 முதல் அஞ்சலகங்களில் கொயினாப் பொட்டலம் சில்லறைக் காசுக்கு விற்றனர். நல்ல தொடக்கம். ஆனால் உலகச் சந்தையின் கடிவாளம் வேறு கையில் இருந்தது. குயினைன் மிகுந்த விதைகளைப் பொலிவியாவில் தேடிச் சேர்த்தவர் மனுவெல் இன்கிரா மமானி என்ற அந்நாட்டுப் பழங்குடி உழைப்பாளி. லெட்ஜர் என்ற ஆங்கில வணிகருக்காக அவர் சேர்த்த விதைகளை ஆங்கில அரசு வாங்கவில்லை. ஒல்லாந்தர் 1865-ல் வாங்கினர். சாவகத் தீவில் அவை பெருந்தோப்பாயின. மமானியோ சிறையில் அடிபட்டு, 1871-ல் மாண்டார். 1930களில் உலகக் கொயினாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சாவகத்தினுடையது. விலையை நிர்ணயித்தது ஆம்ஸ்டர்டாமில் இருந்த வணிகக் கூட்டு.

சர்வதேச சங்கத்தின் மலேரியாக் குழு 1930களில், எல்லாச் சத்துகளும் கலந்த மலிவு மருந்தை ஏழை நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. சென்னை 1860களில் கண்டதைத்தான் உலகம் மீண்டும் கண்டது! 1942-ல் சப்பான் சாவகத்தைப் பிடித்தவுடன் கொயினா வரத்து அறுந்தது. அப்போதுதான் ஒதுக்கப்பட்ட சத்துகளின் அருமை பலருக்கும் விளங்கிற்று. குயினிடினின் கதையோ இன்னும் வியப்பு. இதயத்தின் தாளம் பிறழும் நோய்க்கு அது மருந்தாயிற்று. அமெரிக்காவில் 1991 முதல் 2019 வரை, கடுமையான மலேரியாவுக்கு நாளத்தில் செலுத்த ஒப்புதல் பெற்றிருந்த மருந்து அதுவே. கழிவு என்றவர்கள் எங்கே? குயினிடின் எங்கே?

சோதனை உண்மையைத் தரும், உரிமையைத் தராது. உண்மையைக் குடிசைக்குக் கொண்டு செல்வது அரசியலின் வேலை. மக்கள் இயக்கத்தின் வேலை.

பட்டுக்கோட்டையிலிருந்து கடலூருக்கு

மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. காவிரி நீர் புதுக் கால்வாயில் பட்டுக்கோட்டை வட்டாரத்தை எட்டியது. நீரோடு மலேரியாவும் பரவியது. கசிவு நீரிலும், மண் வெட்டிய குழிகளில் தேங்கிய நீரிலும் கொசு பெருகிற்று. நீர் கொண்டுவரத் திட்டம் போட்டவர்கள், நீர் வடியப் போதிய திட்டம் போடவில்லை.

அங்கே ராக்பெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த ரசல், நைப் என்பாருடன் சேர்ந்து 1930களின் இறுதியில் ஒரு சோதனை நடத்தினார். நோயாளிக்குக் கொடுக்கும் சாறு அன்று. கொசுவுக்குக் கொடுக்கும் சாறு. பைரெத்ரம் என்பது சாமந்தி இனத்துப் பூ. அதன் சாற்றை மண்ணெண்ணெயில் கலந்து காசாங்காடு என்னும் சிற்றூரின் வீடுகளுக்குள் தெளித்தார்கள். இரத்தம் குடித்த கொசு வீட்டுச் சுவரில்தான் ஓய்வெடுக்கிறது. அங்கேயே அதை மடக்கினால் நோய் தொடராது என்பது கணக்கு. மலேரியா குறைந்தது. பெருஞ்செலவின்றி ஒரு சிற்றூரைக் காக்கலாம் என்று தஞ்சை மண்ணில் நிறுவப்பட்டது.

பூவின் சாறு வெயிலில் விரைவில் கெடும். அதே அமைப்பில், வெயிலைத் தாங்கும் பொருள்களை 1970களில் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் எலியட் குழுவினர் செய்தனர். கொசுவலையில் தோய்க்கும் மருந்துகள் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தக் குடும்பத்துப் பொருள்களைச் செய்யும் ஆலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையோரத்தில், உப்பனாற்றங்கரையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையிலும் உண்டு. காசாங்காட்டுச் சுவரில் தெளித்த பூச்சாற்றின் பேரப்பிள்ளை கடலூரில் பிறக்கிறது!

அதே தொழிற்பேட்டை சொல்லும் இன்னொரு பாடமும் உண்டு. காற்றில் நெடி வீசுகிறது, மூச்சுத் திணறுகிறது என்று குடிகாடு முதலிய அண்டைச் சிற்றூர் மக்கள் முறையிட்டபோது, உங்கள் மூக்குதான் சான்றா என்று கேட்டார்கள். சிற்றூராரே 2004-ல் வாளியில் பொருத்திய பையில் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நச்சுப் பொருள்கள் இருப்பது ஆய்வில் வெளிப்பட்டது. சோதனை என்பது வெள்ளங்கி அணிந்தவரின் தனிச்சொத்து அன்று; உழைக்கும் மக்களின் கையிலும் அது கருவியாகும் என்று காட்டியவர்கள் கடலூர் மக்கள். உலகத்துக்கு நோய் தடுக்கும் மருந்து செய்யும் இடத்திலேயே, அண்டை வீட்டான் நோயுறலாகாது என்று கேட்பது அறிவியலுக்கு எதிரானதா? அதுவே அறிவியலின் நீதி.

தெற்கே சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து விலங்கியலார் பல செடிகளின் சாறுகளைக் கொசுப்புழுக்கள் மீது சோதித்து வந்திருக்கின்றனர். பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் ஆய்வு மையத்தில் சதுப்புத் தாவரங்களும் கடற்பாசிகளும் சோதிக்கப்பட்டன. எத்தனை அளவு சாறு, எத்தனை மணி நேரத்தில், புழுக்களில் பாதியைக் கொல்லும் என்பது கேள்வி. சிதம்பரம் கோயிலின் தலமரமான தில்லை, பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டில் வளர்வது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. நூற்றாண்டுக் கணக்கில் அதன் பெயரைச் சொல்லிக் கும்பிட்டவர்கள், அந்தப் பாலில் உள்ளது என்ன என்று கேட்டார்களா? கேட்டவர்கள் ஆய்வாளர்கள்.

191-ஆம் சாறு

மூலிகையிலிருந்து மருந்து பிறப்பது எப்படி என்பதற்கு நம் காலத்துச் சிறந்த சான்று சீன நாட்டுப் பெண்மணி தூ யூயூ. 1969-ல் மலேரியா மருந்து தேடும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய குழுவினர் 2,000-க்கு மேற்பட்ட பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரட்டினர்; ஏறத்தாழ 200 மூலிகைகளிலிருந்து 380 சாறுகள் செய்தனர்; எலிகளுக்கு வந்த மலேரியாவில் ஒவ்வொன்றாகச் சோதித்தனர்.

ஒரு செடியின் சாறு ஒருமுறை நன்றாகப் பலித்தது, மறுமுறை பலிக்கவில்லை. 4-ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய நூலை அவர் மீண்டும் எடுத்தார். செடியைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை அந்த நூல். நீரில் ஊறவைத்துப் பிழியச் சொன்னது. வெப்பத்தில்தான் சத்து அழிகிறதோ என்று ஐயுற்று, குறைந்த சூட்டில் ஈதரால் சாறு எடுத்தார். 1971 அக்டோபர் 4-ஆம் நாள், 191-ஆம் எண்ணிட்ட சாறு எலிகளின் உடலிலிருந்த நுண்ணுயிரை முற்றும் அழித்தது. 1972-ல் அவரும் உடன் உழைத்தவர்களும் முதலில் தாங்களே அதை உட்கொண்டு பார்த்தனர். பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தனர். ஆர்ட்டிமிசினின் பிறந்தது. 2015-ல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

பழைய ஏட்டில் எல்லாம் இருக்கிறது என்று பழமைவாதி இதை எடுத்துக் கொண்டாடுவான். எண்ணிப் பார்! ஏட்டில் இருந்த குறிப்புகள் 2,000-க்கு மேல், பலித்தது ஒன்று. அந்த ஒன்றைக் காட்டியது ஏடுதான். மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்தது சோதனை. ஏட்டைக் கொளுத்தியிருந்தால் மருந்து கிடைத்திருக்காது. ஏட்டைக் கும்பிட்டிருந்தாலும் கிடைத்திருக்காது. படித்தார், ஐயுற்றார், பரிசோதித்தார், அதனால் கிடைத்தது.

நம் வீட்டு மருந்தும் தேர்வெழுதட்டும்

நம் நாட்டில் என்ன நடக்கிறது? ஏழிலைப்பாலை முதலிய நான்கு சரக்குகளைச் சேர்த்து ஆயுஷ்-64 என்னும் மாத்திரையை மத்திய ஆயுர்வேத ஆய்வுக் குழு உருவாக்கிற்று. மலேரியாவுக்கான அந்த மாத்திரையைக் குளோரோகுயினுடன் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2000-ல் வெளிவந்தது. 28-ஆம் நாளில் குளோரோகுயின் பெற்றவர்கள் நலம் பெற்றிருந்தனர். ஆயுஷ்-64 பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்த்து, வந்ததை வெளியிட்டார்களே, அந்த ஆய்வாளர்களைப் பாராட்டுவோம். ஆனால் மலேரியாத் தேர்வில் பாதி மதிப்பெண் வாங்கிய அந்த மாத்திரையை 2021-ல் கொரோனாவுக்கு எடுத்துப் பரப்பினார்களே, அவர்களை என்னென்பது?

பிறரைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். டெங்குக் காய்ச்சல் வந்தபோது தமிழ்நாட்டு அரசும் நிலவேம்புக் குடிநீரை ஊர்தோறும் வழங்கியது. தமிழர் மருத்துவம் என்ற பெயர் நம் நெஞ்சை நிமிர்த்தும். அதற்காகக் கண்ணை மூடச் சொல்லக் கூடாது. ஆய்வுக்கூடத் தட்டில் நுண்ணுயிரைத் தடுக்கும் சாறு, எலியில் தோற்கலாம். எலியில் வென்றது, மனிதரில் தோற்கலாம். சித்தர் பெயரைச் சொன்னாலும், சாணக்கியர் பெயரைச் சொன்னாலும், தேர்வு ஒன்றே, வினாத்தாள் ஒன்றே.

மாசிப்பத்திரியும் சீனச் செடியின் இனந்தானே, அதைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதாதா என்பாரும் உண்டு. இனம் ஒன்றானால் சத்தும் ஒன்றாகிவிடாது. சத்துள்ள சீனச் செடியையே கசாயமாகக் குடிப்பதை ஏற்க முடியாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-ல் சொல்லிவிட்டது. அளவு குறைந்த மருந்தில் நோய் தீராது. தப்பிப் பிழைத்த நுண்ணுயிர் மருந்துக்கும் அடங்காமல் போகும்.

இது பழங்கதை அன்று, தோழர்களே! 2023-ல் மட்டும் மலேரியாவுக்கு உலகில் ஏறத்தாழ 5,97,000 பேர் பலியாயினர். பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆர்ட்டிமிசினினுக்கும் அடங்காத நுண்ணுயிர் தென்கிழக்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தலைகாட்டிவிட்டது. புதிய மருந்து வேண்டும். அது நம் காட்டின் ஏதோ ஒரு வேரிலும் இருக்கலாம். இருக்கிறது என்று மேடையில் முழங்கினால் கிடைக்காது. இருக்கவே முடியாது என்று ஏளனம் செய்தாலும் கிடைக்காது. வேரை எடு, சாற்றைப் பிழி, அளந்து கொடு, எண்ணிப் பார், தோற்றதையும் மறைக்காமல் எழுது.

அன்று சென்னையில் நான்கு சத்துகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினார்கள். யார் மகன், எந்த ஊர், என்ன விலை என்று கேட்கவில்லை. செய்வது என்ன என்று மட்டும் கேட்டார்கள். கேட்ட மாத்திரத்தில், பழைய உயர்வு தாழ்வில் பெரும்பகுதி கரைந்தது. மரப்பட்டைக்குக் கிடைத்த அந்த நீதியை மனிதருக்கும் கேட்கிறது நம் இயக்கம். மனிதருக்குக் கேட்கும் நாம், மருந்துக்கும் மந்திரத்துக்கும் அதே அளவுகோலைப் பிடிக்கத் தயங்கலாமா?